திசைமயக்கம் என்பது மூடிமறைக்கும் வார்த்தையா? (ராணுவ ஹெலிகாப்டர் இரவுப் பயிற்சி பற்றி)

இழையைத் தொடங்கிய கேள்வி, 9 ஜனவரி 2026

ராணுவ ஹெலிகாப்டர் இரவுப் பயிற்சியில் விழுந்தால் விசாரணை அறிக்கை கடைசியில் வந்து நிற்பது ஒரே வார்த்தையில்: ‘ஸ்பேஷியல் டிஸ்ஓரியன்டேஷன்’, அதாவது திசைமயக்கம். விமானிக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போய்விட்டதாம். கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரம், முன்னால் வரிசையாகக் கருவிகள், தலையில் இருட்டில் பார்க்கும் கண்ணாடி. இத்தனை இருந்தும் தெரியவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? கோளாறை மூடிமறைக்க நல்ல ஆங்கில வார்த்தை ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். படையில் இருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜனவரி, இரவு 10.15

இருந்தவன்தான். விமானப்படையில் எம்ஐ-8, பிறகு எம்ஐ-17, இரண்டும் ரஷ்ய ஹெலிகாப்டர். விமானி இல்லை, ஃப்ளைட் இன்ஜினியர். இரண்டு விமானிகளுக்கும் நடுவில் கொஞ்சம் பின்தள்ளி ஒரு மடக்கு சீட் உண்டு. அதில் உட்கார்ந்து இன்ஜின் கேஜ்களைப் பார்த்தே சர்வீஸை ஓட்டியவன். உங்கள் எண்ணம் தப்பு. விவரம் நாளைக்கு.

அதுவரை ஒரு வேலை. டம்ளரில் நுரை ததும்பக் காபி ஊற்றி, டம்ளரை மட்டும் மெதுவாகச் சுழற்றுங்கள். முதலில் டம்ளர் சுற்றும், நுரை நின்ற இடத்திலேயே நிற்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் நுரையும் கூடச் சுற்ற ஆரம்பிக்கும். இப்போது டம்ளரைச் சட்டென்று நிறுத்துங்கள். டம்ளர் நின்றுவிட்டது, நுரை இன்னும் சுற்றுகிறது. உங்கள் காதுக்குள் இருப்பது அந்த நுரைதான்.

10 ஜனவரி, மாலை 6.30

காபி ஆறிப்போயிருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்.

உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும், அதை வைத்து மூளை ‘திரும்புகிறோம்’ என்று கணக்குப் போடும். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் பத்து, இருபது விநாடியில் திரவமும் வேகம் பிடித்துவிடும். அப்புறம் காது சொல்வது ‘நேராகப் போகிறோம்’. அந்த நேரத்தில் விமானி நிஜமாகவே ஹெலிகாப்டரை நேராக்கினால் காது ‘எதிர்ப்பக்கம் சாய்கிறோம்’ என்று கத்தும். இன்னொன்று, விநாடிக்கு இரண்டு டிகிரிக்கும் குறைவாக, நைசாகச் சாய்ந்தால் காதுக்குத் தெரியவே தெரியாது.

பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகம் இருக்கிறது. அங்கே கண்ணைக் கட்டி ஒரு சுழல் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ அந்தப் பக்கம் கட்டைவிரலைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். வலப்பக்கம் சுற்றினார்கள், வலப்பக்கம் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் நாற்காலி நின்றுவிட்டதென்று விரலை நேராக்கினேன். சுற்றிலும் சிரிப்பு. பிறகு இடப்பக்கம் சுற்றத் தொடங்கியதும் இடப்பக்கம் காட்டினேன், இன்னும் பெரிய சிரிப்பு. கட்டை அவிழ்த்த பிறகுதான் சொன்னார்கள்: நாற்காலி ஆரம்பத்திலிருந்து வலப்பக்கம் மட்டுமே சுற்றியது, கடைசியில் நின்றது. இடப்பக்கம் சுற்றவே இல்லை. சின்ன வயதில் தட்டாமாலை சுற்றிவிட்டுப் பொத்தென்று விழுவோமே, அதே கதை. அங்கே மண்தரை, வலிக்காது.

பகலில் இந்தக் காதை யாரும் கண்டுகொள்வதில்லை, கண் ஜெயித்துவிடும். அதிலும் நேரே பார்க்கிற பார்வை இல்லை, ஓரக்கண் பார்வை. அடிவானம், மரவரிசை, தரை ஓடுவது இதையெல்லாம் நாம் கவனிக்காமலே ஓரக்கண் கவனித்துக்கொண்டிருக்கும். ராத்திரியில் முதலில் போவது அதுதான். மேகத்துக்குள் நுழைந்தால் முழுதாகப் போய்விடும். மேகத்தில் மாட்டிய விமானிக்கு 178 விநாடிதான் ஆயுள் என்று எங்கள் கிரூ ரூமில் எழுதி ஒட்டியிருந்தது.

என் கதை ஒன்று. தொண்ணூறுகளின் கடைசி, இரவுக் காகிள்ஸ் (இருட்டில் பார்க்கும் கண்ணாடி) எங்களிடம் வராத காலம். ஒரு பெரிய நீர்த்தேக்கத்தின் மேல் தாழ நின்று, தண்ணீரில் கிடப்பவரை வின்ச்சில் தூக்கும் பயிற்சி. ஆளுக்குப் பதில் ஒரு மிதவை, அதில் ஒளிரும் குச்சி கட்டியிருந்தது. உயரம் 15 மீட்டர் (ரஷ்ய இயந்திரம், எல்லாம் மீட்டர்தான்). சர்ச்லைட் போட்டதும் ரோட்டார் காற்றில் கிளம்பிய சாரல் வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று மேலிருந்து கீழே இறங்குகிறது. அதைப் பார்த்தால் நாம் மேலே போகிற மாதிரியே இருக்கும். கேப்டனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. ஏறுகிறோமென்று நினைத்துக் கலெக்டிவை (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) மெல்ல இறக்குகிறார். நிஜத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். நான் உயரம் காட்டும் ரேடியோ ஆல்டிமீட்டரைப் பார்த்து ‘ஹைட், சர்! ஹைட்!’ என்று கத்தினேன். அவர் கலெக்டிவை இழுத்தார், ஏறினோம். அன்று நான் கத்தியிராவிட்டால் இந்த இழையில் எழுத ஆள் இருந்திருக்காது.

எல்லாக் கருவியும் வேலை செய்தது, தம்பி. கண்தான் வேறு இடத்தில் இருந்தது. மிதவையைப் பார்ப்பதுதானே வேலை, அதனால் கண்ணும் அங்கேயே இருந்தது.

11 ஜனவரி, காலை 7.05

அந்த 178 விநாடி எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது என்று ஒருவர் பிடித்துவிட்டார். அவர் சொல்வது சரி. அது 1954-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை. கருவிகளைப் பார்த்து ஓட்டும் பயிற்சியே இல்லாத 20 பேரைச் சின்ன விமானத்தில் ஏற்றி, வெளிப்பார்வையை மறைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 விநாடியில், ஒருவர் 480 விநாடியில். சராசரி 178. அது ஹெலிகாப்டர் இல்லை, ராணுவமும் இல்லை, பயிற்சி பெற்றவர்களும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்ததை அப்படியே கக்கிவிட்டேன்.

ஆனால் விமானத்தைக் கையை விட்டால் கொஞ்ச நேரமாவது தானாகப் போகும். ஹெலிகாப்டர் அப்படியில்லை. எம்ஐ-17-ல் நாலு சேனல் ஆட்டோபைலட் உண்டு, கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அது இல்லாத சின்ன ஹெலிகாப்டர் விரல்நுனியில் நிறுத்திய துடைப்பக்குச்சி மாதிரி.

11 ஜனவரி, காலை 7.20

‘பகலிலேயே பயிற்சி எடுத்தால் என்ன’ என்று கேட்டவருக்கு: வெள்ளமும் எதிரியும் ஆறு மணிக்குக் கடையைச் சாத்துவதில்லை.

14 ஜனவரி, காலை 9.50

போகி வாழ்த்துகள். இன்று காலை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐந்தரை மணிக்குப் பால் வாங்க ஸ்கூட்டரில் கிளம்பினேன். நான் இருப்பது அரக்கோணம் பக்கம். மார்கழிப் பனியோடு தெருவுக்குத் தெரு எரித்த பழைய பாயும் டயரும் சேர்ந்து நாலடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர். முன்னால் ஒரு லாரி, அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது. அதையே பிடித்துக்கொண்டு போனேன். நல்ல வசதியாக இருந்தது, சாலையைப் பற்றிக் கவலையே இல்லை. கொஞ்ச தூரத்தில் லாரி நின்றது. டிரைவர் இறங்கி வந்து, ‘என்ன பெருசு, எடை போடணுமா?’ என்றார். எடைமேடைக்கு உள்ளேயே போயிருக்கிறேன். எப்போது திரும்பினோம் என்றே தெரியாது.

சிரித்துக்கொண்டே வந்தவனுக்கு வீட்டுக்குள் நுழையும்போது சிரிப்பு போய்விட்டது. ஆஸ்திரேலியாவின் லிண்டர்மன் தீவு ஞாபகத்துக்கு வந்தது. 2023 ஜூலை 28 இரவு, டாலிஸ்மன் சேபர் கூட்டுப் பயிற்சி. குயின்ஸ்லாந்து கடற்கரையோரம் நாலு டைப்பான் ஹெலிகாப்டர்கள், அதாவது எம்ஆர்எச்-90, ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்கு மேல் தாழப் பறக்கின்றன. மழை. எல்லோர் தலையிலும் இரவுப்பார்வைக் கருவி. மூன்றாவதாகப் போனதன் அழைப்புப் பெயர் புஷ்மன் 83. ஒரு திருப்பத்தில் அது கொஞ்சம் மேலே ஏறியது, பிறகு மூக்கைக் கவிழ்த்துக் கடலில் விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

விமானிக்குத் தன் தலைகீழ் நிலை தெரியவே இல்லை, அதாவது உணரப்படாத திசைமயக்கம் என்பது விசாரித்த பாதுகாப்புத் துறைப் பிரிவின் முடிவு. அணிவகுப்பில் பறக்கிறவன் முன்னால் போகிறவனைப் பார்த்தே ஓட்ட வேண்டும். அவன்தான் அவனுக்கு அடிவானம். என் லாரி மாதிரி. மழைத்திரை குறுக்கே வந்து அது மங்கினால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

15 ஜனவரி

லிண்டெமன் தீவு. ‘லிண்டர்மன்’ என்று எழுதிவிட்டேன். ‘தலைகீழ் நிலை’ என்றதும் சரியில்லை, அது குப்புறப் பறக்கவில்லை. விமானிக்குத் தன் சாய்வும் மூக்கின் நிலையும் தெரியவில்லை என்று படிக்கவும். பொங்கல் வாழ்த்துகள்.

16 ஜனவரி, இரவு 8.40

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது: குன்னூர் விபத்து பட்டப்பகலில்தானே நடந்தது?

ஆமாம். 2021 டிசம்பர் 8, நண்பகல். சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17வி5. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர். நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. 13 பேர் அன்றே இறந்தார்கள், குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-ல் இறந்தார். ரயில் பாதையில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: ஹெலிகாப்டர் வெண்பனிக்குள் நுழைந்து மறைகிறது, சத்தம் மட்டும் வருகிறது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியம் இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் போனதால் விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டுத் தரையில் மோதியது என்று முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு 2022 ஜனவரியில் வந்தது.

மேகம் என்பது பகலிலேயே வரும் ராத்திரி, அவ்வளவுதான். ராத்திரியில் மேகத்தைப் பார்க்கவும் முடியாது, நுழைந்த பிறகுதான் தெரியும்.

2020 ஜனவரி 26-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் போன ஹெலிகாப்டரும் இப்படித்தான். மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும்போது அது இடப்பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பு அப்படித்தான் சொல்லியிருக்கிறது.

18 ஜனவரி, மாலை 7.15

இன்று தை அமாவாசை. தர்ப்பணம் முடித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கும்மிருட்டு.

எங்கள் கிரூ ரூமில் ஒரு தினசரி நாள்காட்டி தொங்கும், நான் ஊரிலிருந்து கொண்டுபோய் மாட்டியது. பஞ்சாபிக்காரர், மலையாளி, வங்காளி யார் வந்தாலும் ‘இன்னிக்கு என்ன பிறை?’ என்று என்னைத்தான் கேட்பார்கள். வானிலைப் பிரிவிலிருந்து நிலவு எழும் நேரமெல்லாம் முறைப்படி வரும், ஆனாலும் தேதித்தாளைக் கிழித்துப் பார்ப்பதில் ஒரு திருப்தி. வளர்பிறை என்றால் முன்னிரவில் நிலா இருக்கும், பயிற்சிக்குச் சௌகரியம். தேய்பிறை என்றால் நிலா வரும்போது நாம் தூங்கப் போயிருப்போம்.

காகிள்ஸ் வந்த புதிதில் இனி அமாவாசையும் பௌர்ணமியும் ஒன்றுதான் என்று நினைத்தோம். அது இருக்கிற வெளிச்சத்தைப் பெருக்கித் தருகிற சாமான், வெளிச்சத்தை உண்டாக்குகிற சாமான் இல்லை. நட்சத்திர வெளிச்சம் மட்டும் இருந்தால் பழைய டிவியில் நிலையம் முடிந்த பிறகு வருமே, அந்த மாதிரிப் பொரிப்பொரியாகத் தெரியும். எல்லாம் பச்சை. நேரே 40 டிகிரி மட்டும் தெரியும், கண்ணில் இரண்டு காகிதக் குழலை வைத்துக்கொண்டு நடப்பது மாதிரி. ஓரக்கண்தான் நம்மை நேராக நிறுத்துகிறது என்று பத்தாம் தேதி எழுதினேன் அல்லவா? காகிள்ஸ் முதலில் பிடுங்கிக்கொள்வது அதைத்தான். ஆழமும் சரியாகத் தெரியாது. தூரத்தில் ஒரு தெருவிளக்கு பெரிய ஒளிவட்டமாகப் பொங்கி நிற்கும். மெல்லிய மேகத்துக்குள் நுழைவது தெரியாமலே நுழைந்துவிடலாம், அதையும் தாண்டிக் கொஞ்சம் காட்டிவிடுகிற அளவுக்கு அது நல்ல கருவி. நல்லதாக இருப்பதே இங்கே ஆபத்து.

கருவிப்பலகையைப் பார்க்கக் குழலுக்கு அடியில் வெறும் கண்ணால் கீழே பார்க்க வேண்டும். கண்ணை இறக்கினால் போதும்தான். ஆனால் தலையில் முன்பாரம், அதைச் சரிக்கட்டப் பின்னால் ஒரு எடை. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கழுத்து தானாகக் குனியும். திரும்பிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டரில் தலையைச் சட்டென்று குனிந்தால் மூன்று குழாயும் ஒன்றாகக் குழம்பும், உலகமே ராட்டினமாகும். கண்ணைத் திருப்பு, தலையைத் திருப்பாதே என்று பயிற்றுநர் தலையில் தட்டித் தட்டிச் சொல்வது அதனால்தான்.

18 ஜனவரி, இரவு 8.30

எழுதி முடித்தேன், மேலே சத்தம். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து சேத்தக் ஹெலிகாப்டர். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இங்கேதான். அடுத்த வீட்டம்மா ‘அமாவாசை அன்னிக்குமா சுத்துவானுங்க’ என்று அலுத்துக்கொண்டார். யாரோ ஒரு பையன், இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கலாம், மேலே உட்கார்ந்து காதோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

21 ஜனவரி, பிற்பகல் 3.00

பத்தாம் தேதிக் கதையைத் திருத்த வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சங்கடமான திருத்தம்.

அன்று வலது சீட்டில் இருந்த கோ-பைலட்டோடு இன்னும் தொடர்பு உண்டு. பொங்கலுக்குப் பேசும்போது இப்படி எழுதியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘நீங்க கத்தலியே’ என்றார்.

முதலில் மறுத்தேன். ஆறு நாளாக யோசிக்கிறேன். அவர் சொல்வதுதான் நடந்தது.

நடந்தது இது: நான் ரேடியோ ஆல்டிமீட்டரைப் பார்த்தது உண்மை. முள் 15-லிருந்து 12-க்கு வந்தது. என் வயிறு ‘ஏறுகிறோம்’ என்கிறது. எதிரே சாரல் கீழே இறங்குகிறது. நான் நினைத்தது, சத்தியமாக இதுதான்: தண்ணீர் மேல் இருப்பதால் முள் தப்புக் காட்டுகிறது, இறங்கியதும் ஸ்னாக் (கோளாறுக் குறிப்பு) எழுத வேண்டும். முள் 9-க்கு வந்தபோதும் அதையேதான் நினைத்தேன். ஸ்னாக் ஷீட்டில் என்ன வாசகம் எழுதுவது என்றுகூட யோசித்துவிட்டேன். பத்து மீட்டரில் எச்சரிக்கை வைத்திருந்தோம், ஹெட்செட்டில் டோன் அடித்தது. அது அடித்த பிறகு கோ-பைலட் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்’ என்று கலெக்டிவை இழுத்தார். அதற்கும் பிறகு நான் ‘ஹைட், சர்’ என்றேன். மெதுவாகத்தான் சொன்னேனாம்.

ஆக, இருபது வருடத்துக்கு மேலாகக் கல்யாண வீடுகளில் நான் சொல்லிவரும் கதையில் கதாநாயகனை மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். மிதவை ஓர் இடத்தில் நிற்கவில்லை, எங்கள் ரோட்டார் காற்றே அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் நிலையாக நிற்பதற்கு ஆதாரமாக வைத்திருந்த ஒரே வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. 1980 ஏப்ரலில் ஈரான் பாலைவனத்தில், பணயக்கைதிகளை மீட்கப் போன அமெரிக்கர்களுக்கும் இதே கதை என்பார்கள். புழுதிக்குள் மிதந்த ஹெலிகாப்டரின் விமானி, தரையில் நின்று சைகை காட்டியவரையே ஆதாரமாகப் பிடித்திருந்தார். சைகை காட்டியவர் மணல் அடிக்கிறதென்று நகர்ந்தார். நாம்தான் நகர்கிறோமென்று நினைத்து விமானி சரிசெய்யப்போய், நின்றிருந்த சி-130 விமானத்தின் மேல் மோதினார். 8 பேர் இறந்தார்கள்.

அரக்கோணம் ஜங்ஷனில் பக்கத்து ரயில் கிளம்பும்போது நம் ரயில் கிளம்பிவிட்டதென்று டீக்கு அவசரமாகக் காசு கொடுப்போமே, அதுவும் இதுவும் ஒன்றுதான்.

22 ஜனவரி

கேரட் சாப்பிட்டால் ராத்திரிப் பார்வை வருமா என்று கேட்டவருக்கு: வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், குறையில்லாதவர் கூடை கூடையாகத் தின்றாலும் கூடுதல் பார்வை வராது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானிகள் இருட்டில் எதிரியைச் சுடுவதற்குக் காரணம் கேரட் என்று பத்திரிகையில் எழுதவைத்தார்கள். விமானத்தில் ரேடார் வைத்திருந்தார்கள், அதைச் சொல்ல முடியுமா? உருப்படியான விஷயம்: இருட்டுக்குக் கண் பழக அரைமணி நேரம் ஆகும். புகை பிடித்தால் பார்வை இன்னும் மங்கும். இதை எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இடைவேளையில் வெளியே போய் இரண்டு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார்.

24 ஜனவரி, இரவு 9.00

‘செயற்கை அடிவானக் கருவியைப் பார்த்தால் தீர்ந்தது’ என்று ஒரு பொறியியல் மாணவர் எழுதியிருக்கிறார். அதிலேயே இரண்டு சாதி உண்டு. மேற்கத்தியக் கருவியில் விமானச் சின்னம் அசையாது, பின்னால் அடிவானக் கோடு சாயும். பழைய ரஷ்யக் கருவியில், எங்கள் எம்ஐ-8-ல் இருந்ததில், கோடு சாயாது, விமானச் சின்னம்தான் சாயும். இரண்டும் சரிதான். ஒன்றில் பழகியவன் இன்னொன்றைப் பதற்றத்தில் பார்த்தால் எதிர்ப்பக்கம் திருத்துவான். 2008 செப்டம்பரில் ரஷ்யாவின் பெர்ம் நகரில் ஒரு பயணிகள் போயிங் 737 விழுந்து 88 பேர் இறந்தார்கள். திசைமயக்கம்தான் காரணம். இந்தக் கருவி வேறுபாட்டை விசாரணையாளர்களும் சொன்னார்கள்.

பார்த்தால் மட்டும் போதாது, தம்பி. படிக்க வேண்டும், நம்ப வேண்டும். நான் பார்த்தேனே, 12 என்று பார்த்தேன், 9 என்றும் பார்த்தேன்.

27 ஜனவரி, இரவு 11.10

தூக்கம் வரவில்லை. இழையைத் தொடங்கியவரிடம் ‘உங்கள் எண்ணம் தப்பு’ என்று ஒரு வரியில் முடித்தேன். அதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

திசைமயக்கம் பொய்யில்லை. அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த வார்த்தையை எழுதியதும் கோப்பை மூடத் தோன்றும், அதுதான் சிக்கல். விமானிக்குக் காது குழம்பியது, முடிந்தது. எந்தக் காதும் அந்த நிலைமையில் குழம்பும் என்றால், அந்த நிலைமையில் அவரைக் கொண்டுபோய் வைத்தது எது என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

2015 மார்ச் 10 இரவு, ஃபுளோரிடா. எக்ளின் தளத்துக்கருகே கடற்கரையில் பயிற்சி, இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர். மூடுபனி. ஒன்று திரும்பிப் பத்திரமாக இறங்கியது. மற்றொன்று தண்ணீரில் மோதி 11 பேரும் இறந்தார்கள், லூசியானா தேசியக் காவல்படையினர் 4 பேர், மரீன்கள் 7 பேர். விமானிகளுக்குத் திசைமயக்கம் என்பது விசாரணை முடிவு. சரி. அந்த மூடுபனியில் அன்றைக்கே அந்தப் பயிற்சி நடந்தாக வேண்டுமா? ஒரு பயிற்சியை நாளைக்குத் தள்ளிப்போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வேறு யூனிட்டிலிருந்து ஆட்கள் வந்து காத்திருப்பார்கள், படகு வந்திருக்கும், விமானிகளின் இரவுப் பறப்பு மணிக்கணக்கு காலாவதியாகும் நிலையில் இருக்கும், மேலதிகாரி வாட்சைப் பார்ப்பார். யாரும் ‘போ’ என்று உத்தரவு போடுவதில்லை. யாரும் ‘வேண்டாம்’ என்றும் சொல்வதில்லை.

லிண்டெமன் தீவு விவகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே. அவர்கள் அணிந்திருந்த டாப்-அவுல் என்ற ஹெல்மெட் திரை, உயரம், சாய்வு எல்லாவற்றையும் கண்முன்னாலேயே காட்டும். கீழே குனியவே வேண்டாம், பிரமாதமான சாமான். அதன் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, விமானி நேரே பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தால் திரையில் தெரியும் சாய்வு குழப்பம் தரும் என்று அந்நாட்டு ராணுவத்தின் சோதனை விமானிகளே முன்பே எச்சரித்திருந்தார்கள். பிறகு வேறொரு மதிப்பீட்டில் அது ஏற்கப்பட்டது. அணிவகுப்பில் பறப்பவன் எங்கே பார்ப்பான்? பக்கவாட்டில்தான். பொது விசாரணையில் இதைப் பற்றியும், கூடாரத்தில் தங்கிச் சரியாகத் தூங்காத குழுவினரைப் பற்றியும் பக்கம் பக்கமாகச் சாட்சியம் வந்தது. டைப்பான்கள் மறுபடி பறக்கவே இல்லை. 2024 கடைசியில் ஓய்வுபெற வேண்டியவற்றை 2023 செப்டம்பரிலேயே ஓரங்கட்டிவிட்டார்கள்.

அந்தத் திரைதான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ‘காது குழம்பியது’ என்ற ஒற்றை வரியில் இதையெல்லாம் அடக்க முடியாது என்கிறேன். நீங்கள் கேட்டது கோளாறை மறைக்கிறார்களா என்று. வேண்டுமென்று மறைக்கத் தேவையே இல்லை, வார்த்தையே மறைத்துக்கொள்ளும்.

எங்கள் நீர்த்தேக்க விஷயம் அறிக்கையாகவே போகவில்லை. இறங்கிய பிறகு நடக்கும் டெப்ரீஃபில் கேப்டன் ‘கொஞ்சம் கீழே வந்துட்டோம்’ என்றார். டீ குடித்தோம். மிதவைக்குப் பதில் நங்கூரம் போட்ட ஏதாவது வைக்கலாம் என்று யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் ஸ்னாக் ஷீட்டில் ‘நில்’, அதாவது கோளாறு ஒன்றுமில்லை என்று போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

28 ஜனவரி

‘அதிகாரியிடம் சொல்லப் பயமா?’ என்று ஒருவர். பயம் இல்லை. அவர் நல்ல மனிதர், நல்ல விமானி. நான் சார்ஜன்ட், அவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர். அவர் கை தப்பு, முள் சரி என்று நினைப்பதைவிட முள் தப்பு, அவர் கை சரி என்று நினைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அதற்குக் காதில் திரவமெல்லாம் வேண்டாம்.

1 பிப்ரவரி, இரவு 8.45

தைப்பூசம். மாடியில் நிலா பட்டப்பகல் மாதிரி காய்கிறது, சேத்தக் இன்றும் சுற்றுகிறது. இப்போது அதன் வால்கூடத் தெரிகிறது.

கோ-பைலட் இந்த இழையை முழுதாகப் படித்துவிட்டாராம், பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார், தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. சாயங்காலம் போன் செய்தார். எல்லாம் சரி, ஒரே ஒரு தப்பு என்றார். நான் எழுதியது போல் முள் 9 இல்லை, அவர் கலெக்டிவை இழுக்கும்போது 6-ல் இருந்ததாம். 9 என்று எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, கண்ணுக்குள் நிற்கிறது என்றேன். ‘பத்துல டோன் அடிச்சு, நான் கையைக் கொண்டுபோறதுக்குள்ள ஒரு மீட்டர்தானா இறங்கியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்க’ என்றார்.

போட்டுப் பார்த்தேன். 9 வரவில்லை.